காந்த நாடாவை நடத்துவது யார்?

சோமனூரிலோ சென்னிமலையிலோ வளர்ந்த மாணவரிடம் "நாடா" என்று சொன்னால், அவர் மனக்கண் முன் முதலில் தோன்றுவது தறியில் ஓடும் நாடாதான். பாவு இழைகளுக்கு நடுவே ஊடை இழையை இழுத்துக்கொண்டு ஒரு கரையிலிருந்து மறு கரைக்குப் பாயும். போன வேகத்தில் திரும்பி வரும். நாம் இங்கே பேசப்போவது வேறொரு நாடாவைப் பற்றி. பிளாஸ்டிக்கின் மேல் காந்தத் துகள் பூசிய, அரை அங்குல அகலமுள்ள காந்த நாடா அது. ஆனால் ஒரு வேடிக்கை பாருங்கள்: இன்றைய கணிப்பொறி நாடாவும் தறி நாடாவைப் போலவே முன்னும் பின்னும் ஓடித்தான் தன் வேலையை முடிக்கிறது.

"காந்த நாடாவா? பாட்டுக் கேட்கும் காசெட்டோடு அது ஒழிந்துபோகவில்லையா?" என்று நீங்கள் கேட்கலாம். ஒழியவில்லை. வீட்டைவிட்டுப் போய்விட்டது, அவ்வளவுதான். வங்கிகளிலும், ஆராய்ச்சிக்கூடங்களிலும், பெரிய கணிப்பொறி நிலையங்களிலும் அது இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. 2021ஆம் ஆண்டில் வெளிவந்த எல்.டி.ஓ.-9 என்னும் வகை நாடாப் பெட்டி உள்ளங்கையில் அடங்கும். அதனுள் 1,035 மீட்டர் நாடா சுற்றப்பட்டிருக்கிறது. அதன் தடிமன் 5.2 மைக்ரான், நம் தலைமயிரின் தடிமனில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அதில் 18 டெராபைட் தகவலை எழுதலாம்.

இவ்வளவும் எப்படி அடங்குகிறது? நாடாவின் அகலத்தில் 8,960 தடங்கள் உள்ளன. எழுதும் தலை ஒரே சமயத்தில் 32 தடங்களில் எழுதுகிறது. ஆக, நாடா முழுவதும் நிரம்ப 8,960 ÷ 32, அதாவது 280 முறை அது ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு ஓட வேண்டும். 280 ஓட்டங்களை 1,035 மீட்டரால் பெருக்கிப் பாருங்கள். ஏறத்தாழ 290 கிலோமீட்டர்! கோவையில் புறப்பட்டால் தஞ்சாவூரைத் தாண்டிவிடலாம். இந்தத் தூரத்தை நொடிக்கு 400 மெகாபைட் எழுதியபடியே நாடா பன்னிரண்டரை மணி நேரத்தில் ஓடி முடிக்கிறது. மணிக்கு 23 கிலோமீட்டர் வேகம். வேகமாக மிதிக்கும் சைக்கிள்காரர் அதனோடு போட்டி போடலாம். ஆனால் அவரால் 280 தடவை திரும்ப முடியாது.

அட்டைப் பெட்டியில் கிடக்கும் காவலன்

எஃகுக் கம்பியில் காந்தத்தால் ஒலியைப் பதிய முடியும் என்று டென்மார்க் நாட்டு வால்டமார் பவுல்சன் 1898இல் காட்டினார். 1928இல் ஜெர்மனியில் ஃப்ரிட்ஸ் ஃப்ளாய்மர் காகிதப் பட்டையில் இரும்புத் துகளைப் பூசி நாடாவை உண்டாக்கினார். 1951இல் அமெரிக்காவில் யூனிவாக் கணிப்பொறி உலோக நாடாவில் தகவலைப் பதிந்தது. அடுத்த ஆண்டே ஐ.பி.எம். நிறுவனத்தின் 726 என்ற கருவி பிளாஸ்டிக் நாடாவுடன் வந்தது. அது நொடிக்கு 7,500 எழுத்துகளைப் படித்தது. அக்காலத்தில் அதை வியந்து பார்த்தார்கள்.

வட்டுகள் மலிந்துவிட்ட இக்காலத்திலும் நாடா ஏன் பிழைத்திருக்கிறது? மலிவு என்பது ஒரு காரணம். அதைவிட முக்கியமான காரணம், நாடாப் பெட்டி அலமாரியில் சும்மா கிடக்கிறது என்பதுதான். மின்சாரமும் இல்லை, கம்பித் தொடர்பும் இல்லை. கணிப்பொறியில் புகுந்த பிழையோ நச்சுநிரலோ அலமாரிவரை நடந்து போக முடியாது. 2011 பிப்ரவரியில் கூகிளின் ஜிமெயிலில் இது மெய்ப்பிக்கப்பட்டது. சேமிப்பு மென்பொருளின் புதிய பதிப்பு ஒன்றில் இருந்த பிழையால், பயன்படுத்துவோரில் 0.02 விழுக்காட்டினரின் கடிதங்கள் மறைந்தன. கூகிள் ஒவ்வொரு கடிதத்தையும் பல நிலையங்களில் பல படிகளாக வைத்திருந்தது. ஆனால் அதே பிழை அந்தப் படிகளையும் தாக்கிவிட்டது. கடைசியில் கைகொடுத்தவை நாடாக்கள்தாம். அவற்றிலிருந்துதான் கடிதங்கள் மீட்கப்பட்டன.

நம் ஊரிலும் இதற்குத் தேவை உண்டு. 2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டப்படி ஒரு கம்பெனி தன் கணக்குப் புத்தகங்களைக் குறைந்தது எட்டு நிதியாண்டுகளுக்குப் பாதுகாக்க வேண்டும். எட்டு ஆண்டுக்கு முந்தைய நூல் கொள்முதல் கணக்கை வட்டில் ஓடவிட்டுக்கொண்டே இருப்பானேன்? நாடாவில் பதிந்து பூட்டி வைத்தால் போதும்.

பூட்டி வைத்தது மறுபடியும் படிக்க வர வேண்டும். அங்கேதான் கதை தொடங்குகிறது.

கெர்னலும் டிரைவரும்

கணிப்பொறியில் நீங்கள் ஓடவிடும் நிரல் எதுவும் நாடாக்கருவியை நேரே தொடுவதில்லை. நடுவே இயங்குதளம் நிற்கிறது. இயங்குதளத்தின் நடுக்கருவாக இருந்து நினைவகம், வட்டு, விசைப்பலகை அனைத்தையும் பங்கிட்டுத் தரும் பகுதிக்குக் கெர்னல் என்று பெயர். பின்லாந்தில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் எழுதத் தொடங்கிய லினக்ஸ் ஒரு கெர்னல். உங்கள் வீட்டு ஆண்ட்ராய்டு கைப்பேசிக்குள் இருப்பதும் அதுவே. சென்னையிலுள்ள சி-டாக் மையம் உருவாக்கிய பாஸ் இயங்குதளத்திலும் அதுவே இருக்கிறது.

கெர்னலுக்கு எல்லாக் கருவியின் பாஷையும் தெரியாது. ஒவ்வொரு வகைக் கருவிக்கும் ஒரு மொழிபெயர்ப்பாளர் வேண்டும். அவர்தான் டிரைவர். லினக்ஸில் ஸ்கஸி வகை நாடாக்கருவிகளுக்கான டிரைவருக்கு "எஸ்டி" என்று இரண்டெழுத்துப் பெயர். பின்லாந்துக்காரரான கை மாகிசாரா அதை எழுதினார். எல்.டி.ஓ. கருவிகளையும் இன்று இதுவே நடத்துகிறது.

கெர்னலைக் கட்டும்போது ஒவ்வொரு டிரைவரைப் பற்றியும் ஒரு கேள்வி வரும். பதில் மூன்றில் ஒன்று. "ஒய்" என்றால் டிரைவர் கெர்னலோடு சேர்த்தே கட்டப்படும். வீட்டுத் தரையில் பதித்துவிட்ட ஆட்டுக்கல் போல எப்போதும் அங்கேயே இருக்கும். "எம்" என்றால் தனித் துண்டாக வட்டில் கிடக்கும். கருவியைக் கண்டதும் எடுத்துப் பொருத்திக்கொள்ளப்படும். "என்" என்றால் கிடையாது. கைப்பேசிக்கு நாடா எதற்கு? அங்கே பெரும்பாலும் "என்" தான்.

இது அற்பக் கேள்வியாகத் தோன்றலாம். இப்படி எண்ணிப் பாருங்கள்: அலுவலகக் கணிப்பொறியின் வட்டு செத்துப்போயிற்று. நாடா பத்திரமாக இருக்கிறது. மீட்புக்கென வைத்திருந்த சிறிய லினக்ஸைக் குறுந்தகட்டிலிருந்து ஏற்றுகிறீர்கள். அதைக் கட்டியவர் இடம் மிச்சம் பிடிக்க எஸ்டி டிரைவருக்கு "என்" சொல்லியிருந்தால்? கையில் நாடா, எதிரே கருவி, இரண்டுக்கும் நடுவே பேச ஆளில்லை. எஸ்டி மட்டும் இருந்தாலும் போதாது. அதன் கீழே ஸ்கஸிக்குப் பொதுவான அடுக்கு ஒன்றும், அதற்கும் கீழே கம்பி சொருகும் அட்டைக்கான டிரைவர் ஒன்றும் வேண்டும். மூன்று மாடியில் எது இடிந்தாலும் ஏற முடியாது.

கவலை மாடும் காந்த நாடாவும்

வட்டை நடத்துவதற்கும் நாடாவை நடத்துவதற்கும் என்ன வேற்றுமை? உங்கள் தாத்தாவைக் கேட்டால் கவலை இறைத்த கதையைச் சொல்வார். கொங்கு நாட்டுக் கிணறுகளில் பம்புசெட்டு வருமுன் இரண்டு மாடுகள் வடத்தை இழுத்துக்கொண்டு சரிவில் இறங்கும். நீர் நிறைந்த பறி மேலே வரும். நீரைக் கொட்டியதும் மாடுகள் திரும்பாமல் பின்னோக்கியே நடந்து மேடேறும். பிறகு மறுபடி இறங்கும். இறங்கும்போதுதான் நீர், ஏறும் நேரமெல்லாம் வீண்.

நாடாவும் அப்படித்தான். நொடிக்கு ஆறு மீட்டருக்கு மேல் ஓடிக்கொண்டிருக்கும் நாடாவுக்குக் கணிப்பொறியிலிருந்து தகவல் வருவது ஒரு கணம் நின்றுபோனால் என்ன ஆகும்? வெறும் நாடாவில் எழுத எதுவுமில்லை. கருவி நாடாவை நிறுத்துகிறது. ஓட்ட வேகத்தில் அது எழுதிய இடத்தைத் தாண்டிப்போய்த்தான் நிற்கும். ஆகவே பின்னோக்கி ஓட்டி, கொஞ்சம் அதிகமாகவே பின்னால் கொண்டுபோய், மறுபடி வேகம் பிடித்து, விட்ட இடம் தலைக்குக் கீழே வரும் கணத்தில் எழுதத் தொடங்க வேண்டும். இதற்குச் சில நொடிகள் போய்விடும். நொடிக்கொரு தரம் தகவல் தடைப்பட்டால் கருவி முன்னும் பின்னும் ஆட்டிக்கொண்டே இருக்கும். செருப்புக்குப் பாலிஷ் போடுகிறவர் துணியை இழுப்பது போல் இருப்பதால் மேல்நாட்டார் இதைச் "செருப்புத் துடைப்பு" என்கிறார்கள். நேரமும் வீண், நாடாவும் தலையும் தேயும். புதிய கருவிகள் தகவல் மெதுவாக வந்தால் தாங்களும் ஓர் எல்லைவரை வேகத்தைக் குறைத்துக்கொள்கின்றன.

டிரைவரின் விருப்பத் தேர்வுகளில் பாதி இந்த ஒரு தொல்லைக்காகவே ஏற்பட்டவை. அவற்றுள் ஒன்று "காத்திராமல் எழுது" என்பது. நிரல் ஒரு கட்டுத் தகவலைக் கொடுத்ததும், அது நாடாவில் பதியும்வரை டிரைவர் அதை நிறுத்தி வைப்பதில்லை. "வாங்கிக்கொண்டேன், அடுத்ததைக் கொண்டுவா" என்று அனுப்பிவிடுகிறது. ஈரோட்டு மஞ்சள் மண்டியில் வாசலிலேயே மூட்டையை இறக்கிச் சீட்டு வாங்கிக்கொண்டு வண்டியைத் திருப்புவது போல. வேலை விரைவாக நடக்கும். ஆனால் உள்ளே எடை போடும்போது மூட்டை கிழிந்திருந்தது தெரிந்தால்? அந்தச் செய்தி வண்டிக்காரருக்கு அடுத்த நடையில்தான் கிடைக்கும். நாடாவிலும் பிழைச்செய்தி அடுத்த கட்டை எழுதும்போதோ, கடைசியாகக் கோப்பை மூடும்போதோதான் வந்து சேரும். மூடும்போது வந்த விடையைப் பாராமல் போகிற நிரல், சீட்டு கையில் இருக்கிறது என்ற நம்பிக்கையில் மூட்டையை இழந்த வண்டிக்காரரைப் போன்றது.

இன்னொன்று பொறுமை. வட்டுக்கு ஒரு கட்டளை கொடுத்தால் லினக்ஸ் வழக்கமாக 30 நொடி காத்திருக்கும். பதில் வராவிட்டால் வட்டு மயங்கிவிட்டது என்று முடிவு கட்டும். நாடாவிடம் இந்த அவசரம் செல்லாது. ஒரு முனையில் நிற்கும் நாடாவை மறு முனையில் உள்ள கோப்புக்கு ஓட்டச் சொன்னால் நிமிடக்கணக்கில் ஆகும். ஆகவே எஸ்டி டிரைவர் சாதாரணக் கட்டளைக்கு 900 நொடியும், நீண்ட கட்டளைக்கு 14,000 நொடியும் காத்திருக்கிறது. பின்னது நான்கு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. யாராவது "இதென்ன அநியாயம்" என்று அந்த எண்ணைக் குறைத்துவிட்டால், ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும் கருவியைக் கெர்னல் பாதியில் தட்டி எழுப்பும். பிறகு நாடா எந்த இடத்தில் நிற்கிறது என்பது ஒருவருக்கும் தெரியாது.

மூட்டையின் அளவு

நாடாவில் தகவல் எழுத்தெழுத்தாகப் போவதில்லை. கட்டுக் கட்டாகப் போகிறது. கட்டு எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்? பழைய ரீல் நாடாவை எடுத்துக்கொண்டு ஒரு கணக்குப் போடுவோம். அதன் நீளம் 2,400 அடி, அதாவது 28,800 அங்குலம். அங்குலத்துக்கு 1,600 பைட் எழுதலாம். ஆனால் ஒவ்வொரு கட்டுக்கும் நடுவே நாடா நிற்கவும் கிளம்பவும் 0.6 அங்குலம் வெற்றிடம் விட வேண்டும். ஒரு துளை அட்டையின் 80 எழுத்துகளை ஒரு கட்டாக எழுதினால் தகவல் பிடிக்கும் இடம் 0.05 அங்குலம்; வெற்றிடமோ 0.6 அங்குலம்! பன்னிரண்டு மடங்கு. நாடா முழுவதிலும் 35 லட்சம் பைட்டுதான் ஏறும். அதே நாடாவில் 10,240 பைட் கட்டுகளாக எழுதினால் ஒரு கட்டுக்கு 6.4 அங்குலம் தகவல், 0.6 அங்குலம் வெற்றிடம். இப்போது 4 கோடியே 20 லட்சம் பைட் ஏறும். நாடா அதே நாடாதான்.

இந்த 10,240 என்ற எண் சும்மா வந்ததன்று. லினக்ஸில் கோப்புகளைக் கட்டி மூட்டையாக்கும் "டார்" என்ற நிரல் இன்றும் தானாக வைத்துக்கொள்ளும் கட்டளவு அது: 512 பைட் துண்டுகள் 20. டார் என்ற பெயரே "நாடாக் காப்பகம்" என்று பொருள்படும் ஆங்கிலச் சொற்களின் சுருக்கம். நாடாவைக் கண்ணால் பாராதவர்களும் நாள்தோறும் அந்தப் பெயரைத் தட்டச்சு செய்கிறார்கள்.

இன்றைய நாடாவுக்கு 10,240 மிகச் சிறியது. நொடிக்கு 400 மெகாபைட் வேகத்தில் ஓடுவதற்கு நொடிக்கு 39,000 கட்டளைகள் கொடுக்க வேண்டியிருக்கும். கட்டை 2,62,144 பைட்டாக்கினால் ஏறத்தாழ 1,500 கட்டளைகள் போதும். டிரைவரிடம் கட்டளவை இரண்டு வகையில் சொல்லலாம். எல்லா மூட்டையும் ஒரே எடை என்பது நிலையளவு. கொண்டுவருகிற மூட்டை எந்த எடையோ அந்த எடை என்பது மாறளவு. இதற்குக் கட்டளவை 0 என்று அமைக்க வேண்டும். பூஜ்யம் என்றால் ஒன்றுமில்லை என்று எண்ணிவிடாதீர்கள். இங்கே அதற்கு "உன் விருப்பம்" என்று பொருள்.

மாறளவில் ஒரு பொறி உண்டு. பெரிய கட்டாக எழுதிய நாடாவைச் சிறிய கட்டளவு சொல்லிப் படிக்க முயன்றால், டிரைவர் கட்டைப் பாதியாக வெட்டித் தராது, மறுத்துவிடும். மறுக்கும்போது அது திருப்பியனுப்பும் பிழைச்செய்தி என்ன தெரியுமா? "நினைவகம் ஒதுக்க முடியவில்லை." இதைப் பார்த்துவிட்டுக் கணிப்பொறிக்குக் கூடுதல் நினைவகம் வாங்கிப் பொருத்திய அலுவலகம் ஒன்றை எனக்குத் தெரியும். பொருத்திய பிறகும் அதே செய்தி வந்தது. தேவைப்பட்டதெல்லாம் படிக்கும் நிரலுக்குப் பெரிய கட்டளவு ஒன்றைச் சொல்வதுதான், காசு செலவில்லை.

ஒரு பிட்டின் விலை

இனி என் சொந்தத் தவறு ஒன்றைச் சொல்கிறேன். 2003ஆம் ஆண்டு வாக்கில் பல்லடம் பக்கத்து நூற்பாலை ஒன்றின் அலுவலகத்தில் கணிப்பொறி பார்த்துக்கொடுக்கப் போய்வந்துகொண்டிருந்தேன். சிறிய நாடாக்கருவி ஒன்று வாங்கியிருந்தார்கள். இரவு பத்து மணிக்குத் தானாக ஓடும்படி கட்டளைத் தொடர் ஒன்றை எழுதிவைத்தேன். முதலில் பொதுக் கணக்கு, அடுத்து நூல் இருப்பு, கடைசியில் சம்பளப் பட்டியல்; மூன்றும் நாடாவில் பதிய வேண்டும். காலையில் கணக்குப்பிள்ளை நாடாவை மாற்றி, தேதி எழுதி அலமாரியில் வைப்பார். பல மாதங்கள் இப்படி நடந்தன.

ஒரு நாள் வட்டு போயிற்று. பதற்றமில்லாமல் முந்தின இரவின் நாடாவைப் போட்டேன். சம்பளப் பட்டியல் வந்தது. வேறெதுவும் வரவில்லை. அதற்கு முந்தின நாடாவிலும் சம்பளப் பட்டியல்தான். அதற்கும் முந்தினதிலும். கணக்குப்பிள்ளை பக்கத்தில் நின்றபடி, "டேப்பு நல்லாத்தானுங்க தம்பி ஓடுச்சு, தெனமும் சத்தங் கேட்டனுங்களே" என்றார். அவர் சொன்னது உண்மை. நாடா நன்றாகத்தான் ஓடியது.

என்ன நடந்தது? லினக்ஸில் ஒரே நாடாக்கருவிக்கு இரண்டு பெயர்கள் உண்டு. ஒன்று "எஸ்டி 0", மற்றது "என்எஸ்டி 0". முதல் பெயரால் கருவியைத் திறந்து எழுதி மூடினால், டிரைவர் நாடாவைத் தானாகவே தொடக்கத்துக்குச் சுற்றிவிடும். இரண்டாவது பெயரால் திறந்தால் எழுதி முடித்த இடத்திலேயே நாடா நிற்கும். நான் மூன்று முறையும் முதல் பெயரையே எழுதியிருந்தேன். பொதுக் கணக்கு பதிந்தது. நாடா தொடக்கத்துக்குப் போயிற்று. நூல் இருப்பு அதன் மேலேயே பதிந்தது, மறுபடி தொடக்கம். சம்பளப் பட்டியல் அதன் மேல்.

சம்பளப் பட்டியல் மிகச் சிறியது. அதற்கப்பால் பழைய தகவல் மிச்சமிருக்குமே என்று நீங்கள் கேட்பது சரியான கேள்வி. காந்தத் துகள்களில் அது இருந்திருக்கக்கூடும். ஆனால் நாடாவில் எங்கே எழுதி முடித்தாலும் "தகவல் இத்துடன் முடிந்தது" என்ற குறி அங்கே விழுகிறது. அதைத் தாண்டிப் படிக்கச் சொன்னால் கருவி மறுக்கும். நடுவில் ஒரு வரியைத் திருத்துவது வட்டில் முடியும். நாடாவில் நடுவில் எழுதினால் அதற்குப் பின்னுள்ளதெல்லாம் போனது போனதுதான்.

இரண்டு பெயர்களுக்கும் கெர்னலுக்குள் உள்ள வேற்றுமையைப் பிறகு தேடிப் பார்த்தேன். லினக்ஸ் ஒவ்வொரு கருவியையும் இரண்டு எண்களால் அறிகிறது. முதல் எண் எந்த டிரைவர் என்பதைச் சொல்லும். ஸ்கஸி நாடாவுக்கு அது 9. இரண்டாம் எண் எஸ்டி 0வுக்கு 0, என்எஸ்டி 0வுக்கு 128. இரும எண்ணாக எழுதிப் பாருங்கள்: 00000000, 10000000. ஒரே ஒரு பிட்! அது 1 ஆக இருந்தால் "சுற்றாதே" என்று பொருள். அந்த ஒரு பிட்டுக்காக மூன்று குமாஸ்தாக்கள் இரண்டு மாதம் காகிதச் சீட்டுகளிலிருந்து கணக்கை மறுபடி ஏற்றினார்கள். எனக்கு அந்த ஆலையில் யாரும் கடுஞ்சொல் சொல்லவில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

எட்டு பிட்டில் மீதி எதற்கு என்றும் சொல்லிவிடுகிறேன். 32, 64 என்ற மதிப்புடைய இரண்டு பிட்டுகள் சேர்ந்து நான்கு பாங்குகளைத் தருகின்றன. ஒவ்வொரு பாங்குக்கும் தனித்தனியே கட்டளவு, சுருக்கம் முதலியவற்றை அமைத்துக்கொள்ளலாம். மீதி ஐந்தும் எத்தனையாவது கருவி என்பதைச் சொல்கின்றன.

மேலெழுதுவதில் எனக்குப் பெரிய இடத்துத் துணையும் உண்டு. 1969இல் மனிதன் சந்திரனில் இறங்கிய காட்சியை நேரடியாகப் பதிந்த மூல நாடாக்களை நாசா தேடித் தேடி, அவை அழிக்கப்பட்டு வேறு வேலைக்குப் பயன்பட்டிருக்க வேண்டும் என்று 2009இல் முடிவுக்கு வந்தது. அங்கே நடந்தது கவனப் பிழையன்று, நாடாத் தட்டுப்பாடு.

கதவைத் தட்டிப் பேசிய கருவி

டிரைவர் இல்லாமல் போவதும் உண்டு. 1990களில் ஏழைக்கேற்ற நாடாக்கருவி ஒன்று இருந்தது. தனி அட்டை வாங்கத் தேவையில்லை. பிளாப்பி வட்டுக்கான கம்பியிலேயே அதைச் சொருகலாம். ஆனால் அந்தக் கம்பியில் "சுற்று", "நிறுத்து" என்று சொல்ல வழி கிடையாது. பிளாப்பியின் தலையை ஓரடி நகர்த்தும் துடிப்பு மட்டுமே உண்டு. ஆகவே துடிப்புகளை எண்ணிக் கட்டளையாக்கினார்கள். இத்தனை தட்டு தட்டினால் இந்த வேலை, அத்தனை தட்டினால் அந்த வேலை! பதிலோ, "தலை முதல் தடத்தில் இருக்கிறதா" என்று காட்டும் ஒற்றைக் கம்பி வழியே ஒவ்வொரு பிட்டாகத் திரும்பி வந்தது. பூட்டிய கதவைத் தட்டியே இருவர் பேசிக்கொள்வது போல.

இதற்காக லினக்ஸில் "எஃப்டேப்" என்ற டிரைவர் இருந்தது. கெர்னலைக் கட்டும்போது எந்த வாசல் எண், எந்தக் குறுக்கீட்டுக் கம்பி என்றெல்லாம் அதற்குச் சொல்ல வேண்டும். கருவிகள் அருகின, டிரைவரைப் பேணுவார் இல்லை. 2007இல் வெளிவந்த கெர்னலிலிருந்து அது நீக்கப்பட்டது. அந்த நாடாக்கள் சில இன்னும் பரணில் கிடக்கும். அவற்றைப் படிக்க வேண்டுமானால் பழைய கருவி, பிளாப்பிக் கம்பி சொருகும் இடமுள்ள பழைய கணிப்பொறி, பழைய கெர்னல் மூன்றையும் ஒரே மேசைக்குக் கொண்டுவர வேண்டும்.

நாடாவைக் கெடுக்கக் கெர்னல்தான் வேண்டும் என்பதில்லை; நம் ஊர்ப் பஞ்சுத் தூசியே போதும். தலைக்கும் நாடாவுக்கும் நடுவே ஒரு நுண்ணிய இழை புகுந்தால் படிப்பு தடுமாறும். நெடுநாள் வைப்புக்கு 16 முதல் 25 டிகிரி வெப்பமும், 50 விழுக்காட்டுக்கு மேற்படாத ஈரப்பதமும் வேண்டும் என்பார்கள். ஐப்பசி மழையில் திறந்த அலமாரியில் இது நடக்காது. அதனால்தான் நாடா அறைக்குக் குளிர்ப்பதனம், கதவுக்கு ரப்பர் விளிம்பு எல்லாம்.

அந்தச் சம்பவத்துக்குப் பின் நான் கட்டளைத் தொடரில் ஓர் எழுத்தைத்தான் சேர்த்தேன்; எஸ்டிக்கு முன் ஒரு "என்". கூடவே வெள்ளிக்கிழமைதோறும் ஒரு நாடாவை எடுத்து, வேறொரு கணிப்பொறியில் மூன்று கோப்புகளையும் பிரித்துப் பார்க்கும் வழக்கத்தை ஏற்படுத்தினோம். கணக்குப்பிள்ளையே அதைச் செய்தார். மூன்று பெயர்களும் திரையில் வந்த பிறகுதான் நாடாவின் மேல் தேதி எழுதுவார்.

உங்களிடம் நாடாக்கருவி இருக்க வாய்ப்பில்லை. ஆனால் டிரைவர் இருக்கலாம்! 2011 முதல் தமிழக அரசு பள்ளி மாணவர்களுக்குத் தந்த மடிக்கணினிகள் பலவற்றில் பாஸ் இயங்குதளமும் இருந்தது. அண்ணன், அக்காவின் பழைய மடிக்கணினி வீட்டில் கிடந்தால், லினக்ஸில் முனையத்தைத் திறந்து "மோட்இன்ஃபோ" என்ற கட்டளையை எஸ்டி என்ற பெயரோடு ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். "எம்" என்று கட்டிய கெர்னலானால் சில வரிகள் தோன்றும். எழுதியவர் கை மாகிசாரா என்று ஒரு வரி இருக்கும். நிலையளவு முறையில் டிரைவர் வைத்துக்கொள்ளும் தாங்கி 32 கிலோபைட் என்று ஒரு வரி இருக்கும். ஒரு நாடாவும் இல்லாத வீட்டில், நாடா வரட்டும் என்று அது பல ஆண்டுகளாக வட்டில் காத்துக்கிடக்கிறது.